சங்கத்துக்கும் சிறு நிறுவனத்துக்கும் மின்னஞ்சல்: சொந்த வழங்கியா, வாடகைச் சேவையா, இரண்டும் கலந்ததா?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள நம் சங்கங்களும் சிறு நிறுவனங்களும் தங்கள் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ள விரும்பும்போது, பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து தயங்கி நிற்கின்றன. டொமைன் பெயர் பதிந்தாகிவிட்டது, இணையத்தளமும் இருக்கிறது; ஆனால் செயலாளர் இன்னும் தம் சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்தே ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பை அனுப்புகிறார். அடுத்த தேர்தலில் அவர் பொறுப்பிலிருந்து விலகும்போது, சங்கங்களின் பதிவிலாகாவோடு நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் அவரோடு போய்விடுகிறது. இன்னொரு பக்கம், பிரிக்பீல்ட்ஸிலோ ஜார்ஜ்டவுனிலோ பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் அலுவலகம், ஆளுக்கு இவ்வளவு என்று ஏறும் சந்தாவைப் பார்த்துவிட்டு, "லினக்ஸ் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறாரே, நாமே அமைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்கிறது.

கேள்வி நியாயமானது. யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றில் அடிப்படை அஞ்சல் வழங்கியை நிறுவுவது, அனுபவமுள்ளவருக்கு ஒரு மாலைப் பொழுதில் முடியக்கூடிய வேலைதான். அதை ஆண்டுக்கணக்கில் நம்பகமாக நடத்துவதற்கு வேறு வகை உழைப்பு வேண்டும். முடிவெடுப்பவர்கள் பலரும் அஞ்சலைப் பெறுவதையும் அனுப்புவதையும் ஒரே வேலையாக எண்ணுவதால்தான் தடுமாறுகிறார்கள் என்பது என் கருத்து. பெறுவது எளிது; அனுப்பியதைச் சேரவைப்பது கடினம். இதை மனத்தில் இருத்திக்கொண்டு நான்கு வழிகளை இங்கே எடைபோடுகிறேன்: முழுக்க வாடகைச் சேவை, கூறுகளை நாமே கோத்துக் கட்டும் வழங்கி, ஆயத்தத் தொகுப்பு, பெறுவதை நாமே வைத்துக்கொண்டு அனுப்புவதை மட்டும் ஒரு ரிலே சேவையிடம் (நம் அஞ்சலை வாங்கி உலகுக்கு அனுப்பித் தரும் நிறுவனத்திடம்) ஒப்படைக்கும் கலப்பு முறை.

## எந்த அளவுகோல்களால் அளப்பது?

அனுப்பிய அஞ்சல் இன்பாக்ஸுக்குப் போய்ச் சேருகிறதா? வழங்கிகள் ஒன்றுக்கொன்று அஞ்சல் அனுப்பப் பயன்படுத்தும், 1982இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி நெறிமுறை, அனுப்புகிறவர் தம்மைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பியது. அந்த நம்பிக்கை தவறாகப் பயன்படுத்தப்பட்டதால், இன்று பெறுகின்ற பக்கம் பல சான்றுகளைக் கேட்கிறது. எந்த ஐ.பி. முகவரிகள் (இணையத்தில் இயந்திரங்களைக் குறிக்கும் எண்கள்) இந்த டொமைனின் பெயரில் அனுப்பலாம் என்று எஸ்.பி.எஃப் பதிவு அறிவிக்கிறது. டி.கிம், ஒவ்வோர் அஞ்சலிலும் மறையீட்டுக் கையொப்பம் இடுகிறது. இவை அனுப்புநர் முகவரியோடு ஒத்துப்போகாதபோது என்ன செய்ய வேண்டும் என்பதை டிமார்க் பெறுநருக்குச் சொல்கிறது. இவற்றோடு, ஐ.பி. முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் பி.டி.ஆர் பதிவும், அந்தப் பெயரிலிருந்து அதே ஐ.பி.க்குத் திரும்பிவரும் பதிவும் பொருந்தியிருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் கூகுள் இந்த எதிர்பார்ப்புகளை விதிகளாகவே வெளியிட்டுச் செயல்படுத்தி வருகிறது. எல்லா அனுப்புநருக்கும் எஸ்.பி.எஃப் அல்லது டி.கிம்மும், சரியான பி.டி.ஆரும், மறையீடு செய்த டி.எல்.எஸ் இணைப்பும் கட்டாயம். ஒரு நாளில் 5,000 அஞ்சலுக்குமேல் அனுப்புகிறவர்களுக்கு எஸ்.பி.எஃப், டி.கிம், டிமார்க் மூன்றும் வேண்டும். ஸ்பேம் என்று பயனர்கள் முறையிடும் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது.

இவை அனைத்தும் எழுதிவைத்த விதிகள் என்பதால், பொறுமையுள்ள எவரும் நிறைவேற்றிவிடலாம். எழுதிவைக்கப்படாத விதி ஒன்று உண்டு: ஐ.பி. முகவரியின் நற்பெயர். நேற்று வரை யார் பயன்படுத்தினார் என்று தெரியாத ஒரு முகவரியை நாம் வாடகைக்கு வாங்குகிறோம். அதன் பக்கத்து முகவரிகளில் யார் இருக்கிறார் என்பதும் நம் கையில் இல்லை. சான்றுகள் அத்தனையும் சரியாக இருந்தும், புதிய முகவரி என்ற ஒரே காரணத்தால் அவுட்லுக், ஹாட்மெயில் பயனர்களுக்கு அனுப்பிய அஞ்சல் ஸ்பேம் பெட்டியில் விழுவதுண்டு. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஜிமெயிலிலும் ஹாட்மெயிலிலும் இருக்கும் சங்கத்துக்கு இந்த அளவுகோலே முதன்மையானது.

அலுவலக மூலையில் பழைய கணினி ஒன்றை வைத்து அஞ்சல் வழங்கி நடத்தும் எண்ணத்தையும் இந்த அளவுகோல் நீக்கிவிடுகிறது. சாதாரண இணைய இணைப்பில் ஐ.பி. முகவரி மாறிக்கொண்டே இருக்கும், அல்லது பலரோடு பகிரப்பட்டிருக்கும், பி.டி.ஆர் பதிவை நாம் எழுத முடியாது. வழங்கிகள் ஒன்றுக்கொன்று அஞ்சல் அனுப்பும் வாயிலான 25ஆம் போர்ட், வெளிச்செல்லும் பக்கம் அடைபட்டிருக்க வாய்ப்பு மிகுதி. ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியல்கள் குடியிருப்பு இணைப்புகளின் முகவரித் தொகுதிகளைத் தனியாகவே பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை இடிமழையையும் அதனோடு வரும் மின்தடையையும் இதற்குமேல் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே, இனி "சொந்த வழங்கி" என்று நான் எழுதும் இடமெல்லாம், தரவு மையத்தில் வாடகைக்கு எடுத்த வி.பி.எஸ் (மெய்நிகர் வழங்கி) ஒன்றையே குறிக்கிறேன்.

ஆள் மாறினால் என்ன ஆகும்? நிறுவனத்தில் ஊழியர் விலகுவார். சங்கத்தில் நிர்வாகக் குழுவே மாறும். வழங்கியை அமைத்தவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால், அடுத்தவர் அதை எடுத்து நடத்த முடியுமா என்பதே இந்த அளவுகோல்.

மொத்தச் செலவு. மாதக் கட்டணத்தோடு, அதைப் பார்த்துக்கொள்பவரின் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். தொண்டூழியரின் நேரத்துக்கு விலை இல்லை என்று கருதுவது அவருக்கும் சங்கத்துக்கும் நல்லதில்லை.

தரவு எங்கே, பொறுப்பு யாருக்கு? 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனை சார்ந்த தரவுக்குப் பொருந்துகிறது. திருத்தப்பட்ட சட்டத்தின்படி, குறிப்பிடத்தக்க தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. வாடிக்கையாளரின் அடையாள அட்டை நகல்களும் வங்கி விவரங்களும் அஞ்சல் பெட்டியில் கிடக்கும் கணக்காய்வு அலுவலகம், வழங்கியைத் தானே நடத்தினால் கசிவைக் கண்டறியும் பொறுப்பையும் தானே ஏற்க வேண்டும்.

இழந்ததை மீட்க முடியுமா? காப்பு நகல் இருக்கிறது என்பது போதாது. அதிலிருந்து ஒரு பெட்டியையாவது மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த ஐந்தில், வழங்கி சில மணி நேரம் நின்றுபோனால் என்ன ஆகும் என்ற அச்சத்தை நான் சேர்க்கவில்லை. பலர் அதற்குத் தேவைக்கு மீறி அஞ்சுகிறார்கள். அனுப்பும் பக்கத்து வழங்கி, அஞ்சலை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும்படியே எஸ்.எம்.டி.பி வகுக்கப்பட்டிருக்கிறது; போஸ்ட்ஃபிக்ஸ் எனும் அஞ்சல் வழங்கி மென்பொருளின் இயல்பு அமைப்பு 5 நாள் வரை முயல்கிறது. சனிக்கிழமை நின்ற வழங்கியைத் திங்கட்கிழமை எழுப்பினாலும், இடையில் வந்த அஞ்சல் பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடும். அந்த நம்பிக்கையில், மாற்று எம்.எக்ஸ் வழங்கி (டொமைனுக்கு வரும் அஞ்சலைப் பெறுவது) ஒன்றை இரண்டாவதாக வைக்கும் வேலையைச் சிறு அமைப்புகள் தவிர்க்கலாம். பராமரிப்பில்லாத இரண்டாம் வழங்கியைத்தான் ஸ்பேம் அனுப்புவோர் முதலில் தேடுவார்கள்.

## முதல் வழி: முழுக்க வாடகைச் சேவை

கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ ஆகியவை நாம் அறிந்த பெயர்கள். அஞ்சல் சேருவதில் இவற்றோடு போட்டியிடுவது கடினம். எஸ்.பி.எஃப், டி.கிம், டிமார்க் பதிவுகளை நாமே டி.என்.எஸ்ஸில் (டொமைனின் பெயர்ப் பதிவேட்டில்) எழுத வேண்டும் என்றாலும், ஐ.பி. முகவரியின் நற்பெயரைக் காக்கும் வேலை அவர்களுடையது.

செலவு ஆள் கணக்கில் ஏறும். ஆளுக்கு மாதம் 7 டாலர் என்று கொண்டால், 15 பெட்டிகளுக்கு ஆண்டுக்கு 1,260 டாலர் ஆகும். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கான 8 விழுக்காட்டுச் சேவை வரியும், ரிங்கிட்டின் ஏற்ற இறக்கமும் அதன்மேல் வரும். ஸோஹோவின் அடிப்படைத் திட்டம் இதைவிடப் பல மடங்கு மலிவு. பெட்டிகளை எண்ணாமல், அனுப்பும் அளவை வைத்துக் கட்டணம் வாங்கும் சேவைகளும் உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர், இளைஞர் பகுதி, மகளிர் பகுதி என்று முகவரிகள் பலவாகவும் அஞ்சல் சிலவாகவும் இருக்கும் சங்கத்துக்கு அவை நன்கு பொருந்தும். லாப நோக்கற்ற அமைப்புகளுக்குச் சலுகைத் திட்டங்கள் இருக்கின்றன. தகுதிச் சான்றுகளைக் காட்ட வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, விலகியவரின் பெட்டி. கட்டணத்தை மிச்சப்படுத்த எண்ணி அந்தக் கணக்கை நீக்கினால், உள்ளிருந்த அஞ்சலும் போய்விடும். கூகுளில் நீக்கிய பயனரை 20 நாளுக்குள் மட்டுமே மீட்கலாம். மற்றொன்று, நிர்வாகிக் கணக்கின் இரண்டாம் அடையாளச் சோதனை முன்னாள் செயலாளரின் கைப்பேசி எண்ணோடு கட்டப்பட்டிருப்பது. அவர் எண்ணை மாற்றிவிட்டாலோ மனவருத்தத்தில் விலகியிருந்தாலோ, டொமைனின் உரிமையை நிறுவிக் கணக்கைத் திரும்பப் பெறுவது நீண்ட அலைச்சலாகிவிடும். ஆகவே, வாடகைச் சேவையிலும் நிர்வாகிகள் இருவர் இருப்பது கட்டாயம் என்றே கொள்ள வேண்டும்.

தொழில்நுட்பம் அறிந்த இருவரை எப்போதும் உள்ளே வைத்திருக்க முடியாத அமைப்புக்கு இதுவே சரியான வழி. ஐந்து பெட்டிகளுக்குக் குறைவானவர்களும் மற்ற பகுதிகளைத் தேவையின்றி எடைபோட வேண்டியதில்லை.

## இரண்டாம் வழி: கூறுகளை நாமே கோத்துக் கட்டுவது

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஆர்ஸ்பாம்டி ஆகிய மூன்றையும் இணைப்பது இன்று மிகவும் பழகிய பாதை. ஐ.பி.எம் ஆய்வுக்கூடத்தில் வீட்சே வெனிமா எழுதி 1998இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ், ஒரே பெரிய நிரலாக இல்லாமல், குறைந்த உரிமையோடு இயங்கும் சிறு சிறு நிரல்களாகப் பிரிக்கப்பட்டது; அந்த வடிவமைப்பே அதன் பாதுகாப்புக்கு அடிப்படை. அது 25ஆம் போர்ட்டில் வெளியுலக அஞ்சலையும், 587 அல்லது 465இல் நம் பயனர்கள் அனுப்புவதையும் ஏற்கிறது. டவ்காட் பெட்டிகளைக் காத்து, 993ஆம் போர்ட்டில் ஐமேப் (பெட்டியிலுள்ள அஞ்சலைப் படிப்பதற்கான நெறிமுறை) வழியாகக் கைப்பேசிக்கும் கணினிக்கும் வழங்குகிறது. ஆர்ஸ்பாம்டி ஸ்பேமைச் சல்லடையிட்டு, வெளிச்செல்லும் அஞ்சலில் டி.கிம் கையொப்பமும் இடுகிறது.

ஓப்பன்பி.எஸ்.டி இயங்குதளத்தை நாடுவோர் அதனோடு வரும் அஞ்சல் மென்பொருளான ஓப்பன்எஸ்எம்டிபிடியைப் பயன்படுத்தலாம். அதன் அமைவுக் கோப்பு, படித்தாலே பொருள் விளங்கும் அளவுக்குச் சுருக்கமானது. கற்றுக்கொள்ள விரும்பும் மாணவருக்கு நான் அதையே முதலில் காட்டுவேன். ஆனால் அந்த இயங்குதளம் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிட்டு, கடைசி இரண்டு பதிப்புகளுக்கு மட்டுமே திருத்தங்கள் தருகிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது மேம்படுத்தியே ஆக வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்பவர்களே அந்தப் பக்கம் போக வேண்டும்.

இந்த வழியின் வலிமை, ஒவ்வொரு கூறும் என்ன செய்கிறது என்பது நமக்குத் தெரிவதுதான். ஓர் அஞ்சல் ஏன் போகவில்லை என்று உறுப்பினர் கேட்டால், பதிவுக் கோப்பைத் திறந்து, எந்த நொடியில் எந்த வழங்கி என்ன காரணம் சொல்லி மறுத்தது என்று காட்டலாம். வாடகைச் சேவையில் இந்தத் தெளிவு அரிது. பெட்டிகளின் எண்ணிக்கை கூடினாலும் கட்டணம் கூடாது. கிளாம்ஏவி போன்ற நச்சுநிரல் சோதனை இல்லாமல் இருந்தால், 2 கிகாபைட் நினைவகம் கொண்ட வி.பி.எஸ்ஸே சிறு அமைப்பொன்றைத் தாராளமாகத் தாங்கும்.

மறைந்த செலவுகள் இந்த வழியில்தான் மிகுதி. ஒவ்வொன்றையும் விரித்துச் சொல்வது முறை.

வி.பி.எஸ் வாங்கிய முதல் நாளிலேயே, 25ஆம் போர்ட் வழியாக வெளியே போக முடியவில்லை என்பது தெரியவரலாம். வி.பி.எஸ் வாடகைக்குத் தரும் டிஜிட்டல் ஓஷன் அதை அடைத்து வைக்கிறது, அமேசானின் வாடகை வழங்கிச் சேவையான இ.சி.2 அதைக் கட்டுப்படுத்தி, விண்ணப்பித்தால் தளர்த்துகிறது. பணம் கட்டுவதற்கு முன்பே, 25ஆம் போர்ட் திறக்கப்படுமா, பி.டி.ஆர் பதிவை நாமே மாற்றலாமா என்று இரண்டு கேள்விகளைக் கேட்டு, எழுத்தில் விடை வாங்க வேண்டும். சைபர்ஜெயாவில் உள்ள உள்ளூர்த் தரவு மையங்களில் வாடகைக்கு எடுத்தாலும் இதே கேள்விகள்தான்.

அடுத்தது மேம்படுத்தல். 2020 ஜனவரியில் ஓப்பன்எஸ்எம்டிபிடியிலும், அதற்கு முந்தைய ஆண்டு எக்ஸிம் எனும் இன்னோர் அஞ்சல் மென்பொருளிலும், தொலைவிலிருந்தே வழங்கியைக் கைப்பற்றக்கூடிய ஓட்டைகள் வெளிப்பட்டன. 2023 டிசம்பரில் வெளியான எஸ்.எம்.டி.பி கடத்தல் எனும் நுட்பம் (ஓர் அஞ்சலுக்குள் போலி அஞ்சலை ஒளித்து அனுப்புவது) போஸ்ட்ஃபிக்ஸையும் தொட்டது. எல்லாவற்றுக்கும் திருத்தங்கள் விரைவில் வந்தன. வந்த திருத்தத்தை நிறுவ ஆள் வேண்டும். பதிப்பு மாற்றங்களும் சில நேரம் கனமானவை: டவ்காட் 2.4இன் அமைவு மொழி 2.3இலிருந்து மாறிவிட்டதால், டெபியன் 12இலிருந்து 13க்குப் போகிறவர் தம் அமைவுக் கோப்புகளைத் திருத்தி எழுதாமல் போக முடியாது.

மூன்றாவது, கடவுச்சொல் திருட்டு. யார் வேண்டுமானாலும் தம் வழியாக அஞ்சல் அனுப்பலாம் என்று திறந்துகிடக்கும் வழங்கிகள் இன்று குறைவு. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பே அதைத் தடுக்கிறது. இப்போது நடப்பது வேறு. பயனர் ஒருவரின் எளிய கடவுச்சொல் கசிந்து, அவர் கணக்கு வழியாக ஓர் இரவில் ஆயிரக்கணக்கான ஸ்பேம் வெளியேறும். காலையில் வழங்கியின் ஐ.பி. தடைப்பட்டியல்களில் ஏறியிருக்கும். ஒரு பயனர் ஒரு மணி நேரத்தில் இத்தனை அஞ்சல்தான் அனுப்பலாம் என்ற வரம்பை முதல் நாளே விதித்துவிட வேண்டும். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

சிறிய கண்ணிகளும் உண்டு. டி.எல்.எஸ் இணைப்புக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டாலும், போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் அதை மீண்டும் படிக்கச் சொல்லாவிட்டால் பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்பாம்ஹவுஸ் பட்டியலைக் கூகுளின் பொது டி.என்.எஸ் வழியாக வினவினால் விடை கிடைக்காது, பிழைக்குறியீடே வரும்; அதைத் தவறாகப் புரிந்துகொள்ளும் அமைப்பு எல்லா அஞ்சலையும் மறுத்துவிடக்கூடும். அதனால், வழங்கியிலேயே அன்பவுண்ட் போன்ற டி.என்.எஸ் தீர்வியை (பெயர்களுக்கு விடை தேடித் தரும் நிரலை) இயக்குவது நல்லது. நம் அஞ்சல் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து வருவது. ஸ்பேம் சல்லடையின் கற்கும் பகுதிக்குத் தொடக்கத்தில் நல்ல தமிழ் அஞ்சல்களை எடுத்துக் கொடுத்துப் பழக்கினால், கோயில் திருவிழா அழைப்பை அது ஐயத்தோடு பார்க்காது.

நிர்வாகத் திறமையுள்ள இருவர், எழுத்தில் வைத்த கையேடு, வாடிக்கையாளர் தரவை வெளியார் கையில் கொடுக்கக்கூடாது என்ற வலுவான காரணம் ஆகிய மூன்றும் உள்ள நிறுவனத்துக்கு இந்த வழி ஏற்றது. கற்பதற்காகத் தம் சொந்த டொமைனில் நடத்திப் பார்க்கும் தனிமனிதருக்கும் இதை மனமார ஊக்குவிப்பேன். சங்கத்தின் முகவரிகளைப் பயிற்சிக் களமாக்க வேண்டாம்.

## மூன்றாம் வழி: ஆயத்தத் தொகுப்பு

மெயில்-இன்-எ-பாக்ஸ், ஐரெட்மெயில், மெயில்கவ் ஆகியவை மேலே சொன்ன வகைக் கூறுகளையே கோத்து, வலைப்பக்க நிர்வாகத்தோடு தருகின்றன. உள்ளே ஓடுவது அதே போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும்தான். பெட்டிகளைச் சேர்ப்பதும் நீக்குவதும் கணினி நிபுணர் அல்லாத செயலாளராலேயே முடியும் என்பது உண்மையான நன்மை.

மூன்றுக்கும் குணம் வேறு. மெயில்-இன்-எ-பாக்ஸ், இயந்திரம் முழுவதையும் தனக்கே கேட்கிறது, டி.என்.எஸ்ஸைக்கூடத் தானே நடத்திக்கொள்ளும். எந்தப் பதிவு தவறாக உள்ளது என்று தன் நிலைப்பக்கத்தில் தெளிவாகச் சொல்லும். உபுண்டு எனும் லினக்ஸ் வகையின் 22.04 என்ற குறிப்பிட்ட பதிப்புக்கென்றே எழுதப்பட்டது. அதற்கு முன் 18.04இலிருந்து மாறியபோது, புதிய இயந்திரத்தில் நிறுவிக் காப்பு நகலை மீட்டே அனைவரும் குடிபெயர்ந்தார்கள்; அடுத்த மாற்றத்துக்கும் அதே உழைப்பை எதிர்பார்த்துக்கொள்வது நல்லது. ஐரெட்மெயில் டெபியன், உபுண்டு, ஃப்ரீபி.எஸ்.டி, ஓப்பன்பி.எஸ்.டி ஆகியவற்றிலும் ஏறும். ஆனால் விரிந்த நிர்வாகப் பலகை கட்டணப் பதிப்பில்தான் உண்டு. மெயில்கவ், நிரல்களைத் தனித்தனிப் பொதிகளாக இயக்கும் டாக்கரில் இயங்குகிறது; நாள்காட்டியும் தொடர்பு விவரங்களும் அதனோடு வருகின்றன; இவற்றுள் வசதி மிகுந்தது அதுவே.

வசதிக்கு விலை நினைவகம். ஸ்பேம், நச்சுநிரல் சோதனைகளோடு இயங்க ஐரெட்மெயில் குறைந்தது 4 கிகாபைட் கேட்கிறது. மெயில்கவ் 6 கிகாபைட்டோடு கூடுதலாக 1 கிகாபைட் ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் இடம்) கேட்கிறது. கிளாம்ஏவி தன் அடையாளத் தொகுப்பை ஏற்றவே ஒரு கிகாபைட்டுக்குமேல் விழுங்குவது இதற்கு ஒரு காரணம். 2 கிகாபைட் வி.பி.எஸ்ஸை மனத்தில் வைத்துப் போட்ட வரவுசெலவுக் கணக்கு இங்கே செல்லாது.

இந்த வழியில் பெரிய கவலை, பழுது வரும்போது தெரிவது. தொகுப்பை நிறுவியவருக்கு உள்ளே இருப்பவை அறிமுகமில்லாததால், வரிசையில் தேங்கிய அஞ்சலைப் பார்த்தும் காரணம் புரியாமல் நிற்க நேரிடும். அமைவுக் கோப்பில் கைவைத்துத் திருத்தினால், அடுத்த மேம்படுத்தல் அந்தத் திருத்தத்தை அழித்துவிடக்கூடும். இரண்டாம் வழியை ஒருமுறையாவது கையால் செய்து பார்த்தவர், நேரத்தை மிச்சப்படுத்த இதைத் தேர்ந்தால் நன்று. அனுப்பிய அஞ்சல் சேருமா என்ற முதல் அளவுகோலிலோ, இது இரண்டாம் வழியைவிட ஓர் அங்குலமும் முன்னேறவில்லை, ஐ.பி.யின் நற்பெயரை எந்தத் தொகுப்பும் கட்டித் தராது.

## நான்காம் வழி: பெறுவது நமது, அனுப்புவது ரிலே வழியாக

பெட்டிகள் நம் வழங்கியில் இருக்கும். வெளிச்செல்லும் அஞ்சலை மட்டும் போஸ்ட்ஃபிக்ஸ் நேரே உலகுக்கு அனுப்பாமல், கடவுச்சொல்லோடு 587ஆம் போர்ட் வழியாக ஒரு ரிலே சேவையிடம் ஒப்படைக்கும். டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுவும்போதே இந்த ஏற்பாட்டுக்கான தேர்வு கேள்வியாக வந்து நிற்கிறது; முகவரி ஒன்றும் கடவுச்சொல் கோப்பு ஒன்றும் கொடுத்தால் அடிப்படை முடிந்தது. 25ஆம் போர்ட் வெளியே அடைபட்டிருந்தாலும் கவலையில்லை. உள்ளே வரும் அஞ்சலுக்கு அது திறந்திருந்தால் போதும். அமேசானின் எஸ்.இ.எஸ் சேவை 1,000 அஞ்சலுக்கு 0.10 டாலர் வாங்குகிறது. மாதம் சில நூறு அஞ்சல் அனுப்பும் சங்கத்துக்கு இது பொருட்டாகவே தெரியாது.

பத்துப் பெட்டிகளுக்குமேல் உள்ளவர்களுக்கும், ஓரளவு லினக்ஸ் அறிந்த ஒருவரோடு அவருக்குத் துணையாக இன்னொருவரும் உள்ளவர்களுக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். கடினமான பாதியைக் கட்டணம் கொடுத்து இறக்கிவைத்துவிட்டு, எளிதான பாதியையும் மதிப்புமிக்க ஆவணத்தையும் நம்மிடமே வைத்துக்கொள்கிறோம்.

இதற்கும் நிபந்தனைகள் உள்ளன. ரிலே நிறுவனத்தின் ஐ.பி. பலரோடு பகிரப்படுவது, அங்கே ஒருவர் ஸ்பேம் அனுப்பினால் சில நாள் நமக்கும் பாதிப்பு வரலாம். வெளிச்செல்லும் அஞ்சலின் உள்ளடக்கம் அவர்கள் வழியாகப் போகிறது என்பதால், தரவைக் காரணமாகச் சொல்லிச் சொந்த வழங்கியைத் தேர்ந்தவர் அந்தக் காரணத்தை மறுபடி எடைபோட வேண்டும். எஸ்.பி.எஃப் பதிவில் ரிலேயையும் சேர்க்கும்போது, மொத்த டி.என்.எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டக்கூடாது என்ற வரம்பை நினைவில் கொள்ள வேண்டும்.

நம் சங்கங்களை நேரடியாகத் தொடும் சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. செயலாளர் என்ற பொறுப்பு முகவரிக்கு வருவதை அப்போதைய செயலாளரின் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுவது நமக்குப் பழகிப்போன ஏற்பாடு. திருப்பிவிடப்படும் அஞ்சலின் அனுப்புநர் வெளியார். ஆனால் அது புறப்படுவது நம் வழங்கியிலிருந்து. எனவே எஸ்.பி.எஃப் பொருந்தாது. வந்த ஸ்பேமையும் சேர்த்து நாமே கூகுளுக்கு அனுப்புகிறோம். அவப்பெயர் நம் டொமைனுக்கும் ஐ.பி.க்கும் வருகிறது. ரிலே சேவைகளில் பலவும், சரிபார்க்கப்பட்ட டொமைனிலிருந்து வரும் அஞ்சலை மட்டுமே ஏற்பதால், திருப்பிவிடும் அஞ்சல் அங்கே மறுக்கப்பட்டு நின்றுவிடும். தீர்வு எளிது: பொறுப்பு முகவரி ஒவ்வொன்றையும் உண்மையான பெட்டியாக வைத்து, கைப்பேசியின் அஞ்சல் செயலியில் இரண்டாம் கணக்காக ஐமேப் வழியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். புதியவர் பொறுப்பேற்கும் நாளில் கடவுச்சொல் மட்டுமே மாறும். முந்தைய ஆண்டுகளின் கடிதங்கள் அதே பெட்டியில் அவருக்குக் காத்திருக்கும். எந்த வழியைத் தேர்ந்தாலும் இதைச் செய்வது நல்லது. இங்கே தவிர்க்கவே முடியாது.

## ஒரே பார்வையில்

| | வாடகைச் சேவை | நாமே கட்டுவது | ஆயத்தத் தொகுப்பு | ரிலே கலப்பு |
|---|---|---|---|---|
| அஞ்சல் சேருதல் | மிக நன்று | ஐ.பி.யைப் பொறுத்தது | ஐ.பி.யைப் பொறுத்தது | நன்று |
| செலவு ஏறுவது | ஆள் கணக்கில் | இயந்திரக் கணக்கில் | இயந்திரக் கணக்கில், நினைவகம் மிகுதி | இயந்திரத்தோடு சிறு அனுப்பல் கட்டணம் |
| உள்ளே தேவையான திறன் | குறைவு | மிகுதி | நடுத்தரம்; பழுதின்போது மிகுதி | நடுத்தரம் |
| காப்பு நகல் | நாம் தனியாக எடுத்தால்தான் நமது | நம் பொறுப்பு | கருவி உண்டு, பொறுப்பு நமது | நம் பொறுப்பு |
| 25ஆம் போர்ட், வெளியே | தேவையில்லை | கட்டாயம் | கட்டாயம் | தேவையில்லை |

## தேர்ந்த பிறகு குடிபெயர்வது

டொமைன் பதிவை முதலில் அமைப்பின் பெயருக்கு மாற்றுங்கள். தனிமனிதர் பெயரில் டொமைன் இருக்கும்வரை மேலே எடைபோட்ட எதற்கும் அடித்தளம் இல்லை. பிறகு எம்.எக்ஸ் பதிவின் டி.டி.எல் மதிப்பை (மற்றவர்கள் அந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) இரண்டு மூன்று நாள் முன்பே 300 நொடிக்குக் குறைத்துவையுங்கள். புதிய இடத்தில் எல்லாப் பெட்டிகளையும் திறந்து, பழைய அஞ்சலை ஐமேப்சிங்க் போன்ற கருவியால் நகலெடுத்து, அதன்பின் எம்.எக்ஸைத் திருப்புங்கள், திருப்பிய பிறகு அதே நகலெடுப்பை மீண்டும் ஒருமுறை இயக்கினால், இடையில் பழைய இடத்துக்குப் போனவையும் வந்து சேரும். டிமார்க் கொள்கையைத் தொடக்கத்தில் கண்காணிப்பு நிலையிலேயே வைத்து, வரும் அறிக்கைகளைச் சில வாரம் படியுங்கள். இணையத்தளத்தின் தொடர்புப் படிவமும் கணக்குமென்பொருளும் நம் டொமைன் பெயரில் தனியாக அஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அப்போதுதான் தெரியவரும். அவற்றையும் சரிசெய்த பிறகே கொள்கையைக் கடுமையாக்க வேண்டும். பழைய சேவையை உடனே நிறுத்தாமல், குறைந்தது ஒரு கட்டணச் சுழற்சி வரை வைத்திருங்கள். காப்பு நகலிலிருந்து பொருளாளரின் பெட்டியை ஒருமுறை வேறோர் இயந்திரத்தில் மீட்டுத் திறந்து பார்த்த பின்னரே அதை மூடலாம்.